கொக்கிப்புழுவும் பள்ளிக் கழிப்பறையும்

பள்ளிக்கூடம் என்றால் வகுப்பறை, கரும்பலகை, ஆசிரியர் என்றுதான் நீண்ட காலம் கருதப்பட்டது. கழிப்பறையும் குடிநீரும் கை கழுவும் இடமும் பள்ளியின் உறுப்புகளே என்ற எண்ணம் பிற்காலத்தில் வந்தது. நாட்டுப்புறப் பள்ளிகளைப் பொறுத்தவரை, அந்த எண்ணம் பெரும்பாலும் கல்வியாளர்களிடமிருந்து வரவும் இல்லை. ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ள ஒரு குடற்புழுவைத் தேடிப் போன மருத்துவர்கள்தான், பள்ளிக்குப் பின்புறம் என்ன இருக்கிறது என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்தார்கள். அந்தப் புழு கொக்கிப்புழு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1909இல் தொடங்கிய அதன் ஒழிப்பு இயக்கம், ஏழே ஆண்டுகளில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களை எட்டியது. பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மருந்து கொடுப்பது எளிது, கழிப்பறை கட்டுவது கடினம், கட்டியதைத் தண்ணீரோடும் சுத்தத்தோடும் வைத்திருப்பது அதைவிடக் கடினம் என்பது அந்த முதல் ஐந்தாண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. அதற்குப் பின் வந்த நூறாண்டில் ஒவ்வொரு நாடும் இதே பாடத்தைத் தன் செலவில் மீண்டும் படித்திருக்கிறது.

புழுவின் வழி

கொக்கிப்புழுவை மனித உடலில் முதலில் கண்டவர் இத்தாலிய மருத்துவர் ஆஞ்செலோ துபினி. மிலான் நகரில் 1838இல் ஒரு பிணப் பரிசோதனையின்போது குடலில் அதைப் பார்த்தார். ஆல்ப்ஸ் மலையில் கொத்தார்ட் சுரங்கப்பாதை வெட்டிய தொழிலாளர்கள் 1880 வாக்கில் வெளிறிப்போய் மூச்சு வாங்கி விழுந்தபோது, அதற்குக் காரணம் இந்தப் புழுதான் எனத் தெரியவந்தது. ஆனால் அது உடலுக்குள் எப்படிப் போகிறது என்பது மட்டும் விளங்கவில்லை. அசுத்தமான தண்ணீரைக் குடிப்பதால் வருகிறது என்றே எல்லோரும் நம்பினர்.

கெய்ரோவில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர், 1898இல் புழுக்குஞ்சுகள் இருந்த நீரைத் தவறுதலாகத் தம் கையில் சிந்திக்கொண்டார். கை அரித்தது, சிவந்தது. சில வாரங்கள் கழித்து அவருடைய மலத்திலேயே புழுவின் முட்டைகள் தென்பட்டன. புழு தோலைத் துளைத்துக்கொண்டு நுழைகிறது என்ற உண்மை அப்படித்தான் வெளிப்பட்டது.

நோயாளியின் மலத்தோடு வெளிவரும் முட்டைகள் நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் பொரிக்கின்றன. குஞ்சுகள் ஓரிரு வாரத்தில் ஊசிமுனை போல் கூர்மையாகி, மிதிக்கும் வெறுங்காலுக்காகக் காத்திருக்கின்றன. கால்விரல் இடுக்கில் நுழைந்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகின்றன. அங்கே குடல் சுவரைக் கவ்விப் பல ஆண்டுகள் இரத்தம் உறிஞ்சுகின்றன. ஒன்றிரண்டு புழுவால் பெரிய கேடு இல்லை. நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டால், அதுவும் அரைவயிறு உண்ணும் குழந்தைக்கு, சோகை பிடிக்கிறது, வளர்ச்சி குன்றுகிறது, பாடத்தில் மனம் நிற்பதில்லை. சில குழந்தைகள் மண்ணைத் தின்னத் தொடங்குகின்றன.

இந்தச் சுழற்சி அறுபட ஒன்று போதும்: மலம் மண்ணில் கிடக்கக் கூடாது. செருப்பு ஓரளவு காக்கும். ஆனால் சேற்றில் விளையாடும் பிள்ளைகளின் காலில் அது எவ்வளவு நேரம் நிற்கும்? உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் வேறு வழியில் வருகின்றன. அவற்றின் முட்டைகள் மண்ணிலிருந்து விரல் நகத்துக்கும், நகத்திலிருந்து வாய்க்கும் போகின்றன. அங்கே காப்பது தண்ணீரும் சோப்பும்தான்.

அமெரிக்கத் தென் மாநிலங்கள்

அமெரிக்காவில் இந்த நோயைப் பொதுப் பேச்சாக்கியவர் சார்லஸ் ஸ்டைல்ஸ். அவர் மருத்துவர் அல்லர், விலங்கியலாளர். தென் மாநிலங்களில் காணப்பட்ட கொக்கிப்புழு ஐரோப்பியப் புழுவிலிருந்து வேறுபட்ட இனம் என்று 1902இல் அறிவித்தார். ஏழை வெள்ளையரின் பிள்ளைகள் வெளிறி, ஒடுங்கிய தோளோடு, எதிலும் அக்கறையற்றுத் தெரிவதற்குப் பரம்பரைக் குணம் காரணம் அல்ல, புழுதான் காரணம் என்றார். நியூயார்க் பத்திரிகைகள் அதைச் ‘சோம்பேறிக் கிருமி’ எனக் கேலியாக எழுதின. தென்னாட்டார் கொதித்தனர். தங்கள் மக்களைச் சோம்பேறிகள் என்று வடக்கத்தியர் இகழ்வதாகவே பலர் எடுத்துக்கொண்டனர். அந்த மனக்கசப்பு இயக்கத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

எண்ணெய்ப் பெருஞ்செல்வர் ஜான் டி. ராக்கஃபெல்லர் 1909 அக்டோபரில் பத்து லட்சம் டாலர் ஒதுக்கினார். ஐந்தாண்டுக்குள் கொக்கிப்புழுவை ஒழிப்பதற்கென ராக்கஃபெல்லர் சுகாதாரக் குழு அமைந்தது. அதன் நிர்வாகத் தலைவராக வந்த விக்லிஃப் ரோஸ் மருத்துவர் அல்லர். கல்வித் தத்துவம் கற்பித்த பேராசிரியர். பள்ளியின் வழியாக வீட்டை எட்ட வேண்டும் என்ற முறை அவர் காலத்தில்தான் உறுதிப்பட்டது. ஆசிரியர்களுக்குப் படக்காட்சிகளும் துண்டறிக்கைகளும் தரப்பட்டன. பிள்ளைகள் சிறு தகர டப்பாக்களில் மலமாதிரி கொண்டு வந்தனர். நுண்ணோக்கியில் புழு முட்டையைத் தம் கண்ணால் பார்த்த பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்காது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு பெரும்பாலும் பலித்தது.

பதினொரு மாநிலங்களில் நடந்த பரிசோதனையில், நாட்டுப்புறப் பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேரிடம் புழு இருந்தது. சுகாதார ஆய்வாளர்கள் சுமார் இரண்டரை லட்சம் வீடுகளைப் பார்த்தனர். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் எந்த விதமான கழிப்பறையும் இல்லை. பள்ளிகளின் நிலையும் மோசம்தான். பல பள்ளிகளில் பையன்களுக்கு ஒரு பக்கத்துக் காடு, பெண்களுக்கு மறுபக்கத்துக் காடு என்பதே ஏற்பாடு. இடைவேளையில் எல்லாப் பிள்ளைகளும் வெறுங்காலோடு ஒரே நிழலுக்குத்தான் போனார்கள். ஊரிலேயே அதிகமாகப் புழு பரவும் இடம் பள்ளியின் பின்புறமாக இருந்திருக்கிறது.

அப்போதைய மருந்து தைமால். ஓமத்தில் உள்ள அதே பொருள்தான். முதல் நாள் இரவு பட்டினி, காலையில் தைமால், பிறகு பேதிக்கு எப்சம் உப்பு. மருந்தோடு எண்ணெயோ மதுவோ சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இருந்தும் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தனர். நடமாடும் மருந்தகங்கள் கூடிய திடல்கள் திருவிழா போல இருந்தன. ஏறத்தாழ ஏழு லட்சம் பேருக்கு மருந்து தரப்பட்டது.

கழிப்பறைக் கதை அப்படி இல்லை. ஸ்டைல்ஸும் அவருடைய தோழர்கள் லம்ஸ்டன், ராபர்ட்ஸ் இருவரும் சேர்ந்து, ஈ நுழையாத மலிவான கழிப்பறை ஒன்றை 1910இல் வடிவமைத்தனர். மூவர் பெயரின் முதலெழுத்துகளால் அது எல்.ஆர்.எஸ். கழிப்பறை எனப்பட்டது. வடிவம் இருந்தது, கட்டப் பணம் இல்லை. ராக்கஃபெல்லர் பணம் மருந்துக்கும் பிரச்சாரத்துக்கும்தான். கட்டடம் மாவட்டங்களின் பொறுப்பு. மாவட்டங்களோ பள்ளிக்குச் சுண்ணாம்பு அடிக்கவே காசு இல்லாதவை. 1914இல் குழு கலைக்கப்பட்டபோது புழு குறைந்திருந்தது, ஒழியவில்லை. குணமானவர்கள் பழைய மண்ணையே மிதித்து மீண்டும் நோய்ப்பட்டதை அதன் அறிக்கைகளே ஒப்புக்கொண்டன. தென் மாநிலங்களில் கழிப்பறை பெருமளவில் வந்தது 1930களில்தான். பொருளாதார மந்தக் காலத்தில் வேலையற்றோருக்குக் கூலி கொடுத்து அரசு இருபது லட்சத்துக்கு மேற்பட்ட கழிப்பறைகளைக் கட்டியது.

பொருளியலாளர் ஹோய்ட் பிளீக்லி 2007இல் பழைய மக்கள்தொகைக் கணக்குகளை எடுத்து இந்த இயக்கத்தின் விளைவை அளந்தார். முன்பு புழு அதிகம் இருந்த மாவட்டங்களில்தான் இயக்கத்துக்குப் பின் பள்ளி வருகையும் எழுத்தறிவும் அதிகம் உயர்ந்திருந்தன. சிறுவயதில் மருந்து கிடைத்தவர்கள் பெரியவர்களானபின் கூடுதலாகச் சம்பாதித்தனர். அரைகுறையாக நின்றுபோன இயக்கமே இவ்வளவு செய்திருக்கிறது.

கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு அரசுப் பணம் எப்போதும் கடைசியில்தான் வந்தது. ஜூலியஸ் ரோசன்வால்டின் நிதியும், ஊர்க் கறுப்பின மக்கள் சேர்த்த பணமும் கொண்டு 1932 வரை ஐயாயிரம் அளவில் பள்ளிகள் கட்டப்பட்டன. அந்தக் கட்டட வரைபடங்களில் இரண்டு சுகாதாரக் கழிப்பறைகள் கட்டாயமாக்கப்பட்டன. வகுப்பறையையும் கழிப்பறையையும் ஒரே வரைபடத்தில், ஒரே செலவில் சேர்த்த பழைய உதாரணங்களில் இது முக்கியமானது.

பொதுக் குவளை

அதே காலத்தில் பள்ளியின் குடிநீரும் கேள்விக்கு உள்ளானது. அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு வாளித் தண்ணீரும், சங்கிலியில் கட்டிய ஒரே தகரக் குவளையும் இருக்கும். எல்லாப் பிள்ளைகளும் அதில் வாய் வைத்துக் குடிப்பார்கள். லஃபாயெட் கல்லூரி உயிரியல் பேராசிரியர் ஆல்வின் டேவிசன் பள்ளிக் குவளைகளைச் சோதித்து, அவற்றில் ஒட்டியிருந்த கிருமிகளைப் பற்றி 1908இல் எழுதினார். மறு ஆண்டே கான்சஸ் மாநிலம், சாமுவேல் கிரம்பைன் என்ற சுகாதார அலுவலரின் முயற்சியால், ரயில்களிலும் பள்ளிகளிலும் பொதுக் குவளையைத் தடை செய்தது. காகிதக் குவளைத் தொழில் பிறந்தது இந்தத் தடையால்தான்.

தமிழர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. உதட்டில் படாமல் அண்ணாந்து குடிப்பது இங்கே பழைய வழக்கம். குவளையால் பரவும் நோய்க்கு அது நல்ல காப்பு. ஆனால் அந்த வழக்கத்துக்குள் எச்சில் என்ற சுகாதாரக் கருத்தோடு தீட்டு என்ற சாதிக் கருத்தும் பின்னிக் கிடந்தது. பள்ளியில் தாகம் எடுத்தால் தாம் குழாயைத் தொட முடியாது, பள்ளிப் பணியாள் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர் என்று அம்பேத்கர் தம் சிறுவயது அனுபவத்தை எழுதியிருக்கிறார். பணியாள் வராத நாளில் தண்ணீர் கிடையாது. இந்தியப் பள்ளியின் தண்ணீர் வரலாற்றைக் கிருமிகளை மட்டும் வைத்து எழுத முடியாது.

இலங்கைத் தோட்டங்கள்

அமெரிக்க அனுபவத்தை உலகெங்கும் கொண்டுபோக ராக்கஃபெல்லர் நிறுவனம் 1913இல் ஒரு பன்னாட்டுச் சுகாதாரக் குழுவை அமைத்தது. அதன் தூதராக விக்டர் ஹைசர் 1915இல் இலங்கை வந்தார். 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் இயக்கம் தொடங்கியது.

அந்தத் தோட்டங்களில் இருந்தவர்கள் சென்னை மாகாணத்தின் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் போன்ற மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். லயம் எனப்பட்ட நீளக் கொட்டகைகளில், ஓர் அறைக்கு ஒரு குடும்பமோ இரு குடும்பமோ வாழ்ந்தனர். லயத்துக்குக் கழிப்பறை இல்லை. தேயிலைச் செடிகளுக்கு இடையேதான் ஒதுங்க வேண்டும். மலைநாட்டின் ஈரமும் நிழலும் புழுவுக்கு மிகவும் ஏற்றவை. காலையில் வெறுங்காலோடு கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் அதே மண்ணில்தான் நின்றனர். சோதித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் புழு இருந்தது. பிள்ளைகளும் விலக்கல்ல.

இங்கே நடந்தது அமெரிக்கக் கதையின் கூர்மையான வடிவம். மருந்துக்குத் தோட்ட உரிமையாளர்கள் இணங்கினர். புழு நீங்கிய தொழிலாளி கூடுதலாக வேலை செய்வான் என்பது அவர்களுக்குக் கவர்ச்சியான வாதம். இயக்கத்தாரும் அந்த வாதத்தையே முன்வைத்தனர். கழிப்பறை கட்டச் சொன்னபோது செலவு அதிகம் என்றனர். கட்டினாலும் கூலிகள் அதில் போகமாட்டார்கள் என்பது அடுத்த பதில். கட்டிய சில தோட்டங்களில் அது உண்மையாகவும் ஆனது. ஆனால் காரணத்தைத் தேடிப் பார்த்தால், லயத்திலிருந்து தூரம், இருட்டு, பக்கத்தில் தண்ணீர் இல்லை, சுத்தம் செய்ய ஆள் இல்லை. கால் கழுவத் தண்ணீர் இல்லாத கழிப்பறையை யார் பயன்படுத்துவார்கள் என்ற கேள்வியைத் துரைமார் கேட்டுக்கொள்ளவில்லை. பழக்கத்தின் மீது பழி போடுவது மலிவாக இருந்தது.

மருந்து உண்டவர்கள் மீண்டும் நோய்ப்பட்டனர். இந்தியாவிலிருந்து புதிதாக வருகிறவர்கள் புழுவைக் கொண்டு வருகிறார்கள் என்று சொல்லி, இராமேசுவரத்துக்கு இக்கரையில் இருந்த மண்டபம் முகாமிலும் மருந்து கொடுக்கப்பட்டது. கப்பலேறும் முன் அங்கே தங்கவைக்கப்பட்ட குடும்பங்களுக்கு, நோய்த் தடுப்பின் பேரால் நடந்த பல சோதனைகளோடு இதுவும் சேர்ந்தது. மருந்தை முகாமில் கொடுத்துவிட்டுக் கழிப்பறை இல்லாத லயத்துக்கு அனுப்பினால் என்ன பயன் என்பது சிறிய கணக்குதான்.

தோல்வியிலிருந்து ஒரு நல்ல மாற்றம் பிறந்தது. ஒரு நோயை மட்டும் துரத்தும் முறையை விட்டுவிட்டு, 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு ஒன்றைத் திறந்தனர். கழிப்பறை, குடிநீர், தாய் சேய் நலம், பள்ளிப் பிள்ளைகளின் மருத்துவப் பரிசோதனை எல்லாம் ஒரே அலுவலகத்தின் கீழ் வந்தன. ஆசியாவில் இத்தகைய முயற்சிகளின் முன்னோடி அது. இலங்கையின் பிற்காலச் சுகாதாரச் சாதனைகளுக்கு அடித்தளம் அங்கே போடப்பட்டது. ஆனால் அது முதலில் அமைந்தது கரையோரச் சிங்கள ஊர்களில். மலையகத் தோட்டங்கள் தனியார் நிலம் என்ற பெயரில் நெடுங்காலம் வெளியே நின்றன.

சென்னை மாகாணம்

சென்னை மாகாண அரசின் அழைப்பின் பேரில் ராக்கஃபெல்லர் குழு 1920களில் இங்கேயும் கொக்கிப்புழு ஆய்வைத் தொடங்கியது. ஜே. எஃப். கெண்ட்ரிக் அதை நடத்தினார். புழு எங்கும் பரவியிருந்தது தெரிந்தது. ஆனால் அதே பத்தாண்டில் கல்கத்தாவில் ஆய்வு செய்த ஆசா சாண்ட்லர், புழு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, எத்தனை புழு என்று முட்டைகளை எண்ணிப் பார்க்க வேண்டும் என்றார். அப்படிப் பார்த்தபோது, வறண்ட மாவட்டங்களில் பலருக்குப் புழு இருந்தாலும் சுமை குறைவாக இருந்தது. மழையும் நிழலும் தோட்டப் பயிரும் உள்ள பகுதிகளில்தான் சுமை அதிகம்.

1930களில் துளைக்குழிக் கழிப்பறை வந்தது. டச்சு கிழக்கிந்தியத் தீவுகளில் பழக்கத்தில் இருந்த முறை அது. சுமார் நாற்பது சென்டிமீட்டர் அகலமும் ஆறு மீட்டர் ஆழமும் உள்ள குழியைக் கைத்துளைக் கருவியால் போட்டு, மேலே ஒரு பலகையோ கல்லோ வைப்பார்கள். மலத்தை மனிதர் கையால் அள்ள வேண்டியதில்லை என்பது அதன் பெரிய நன்மை. அப்போது நகரங்களில் இருந்தது எடுப்புக் கழிப்பறை. அதைச் சுத்தம் செய்யும் வேலை குறிப்பிட்ட சாதியார் தலையில் சுமத்தப்பட்டிருந்தது. துளைக்குழி அந்தச் சுமையை இறக்கக்கூடிய கருவியாக இருந்தும் பரவலாகவில்லை. நிலத்தடி நீர் மேலே உள்ள ஊர்களில் குழி சரிந்தது, கிணறு கெட்டது. கிராமப் பள்ளிகளின் பெரும்பகுதி திண்ணை, கோயில் மண்டபம், ஒற்றைக் கொட்டகை என இருந்த காலம் அது. பிள்ளைகள் கொல்லைக்கோ ஏரிக்கரைக்கோ போய் வந்தனர்.

ஜப்பானும் கொரியாவும்

பள்ளியை வைத்தே குடற்புழுவை ஒழித்துக் காட்டியவை இந்த இரண்டு நாடுகள். போருக்குப் பிந்திய ஜப்பானில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் உருண்டைப்புழு இருந்தது. மனிதக் கழிவை அப்படியே காய்கறி வயலுக்கு உரமாக இடுவது அங்கே வழக்கம். பிள்ளைகள் தீப்பெட்டியில் மலமாதிரி வைத்துப் பள்ளிக்குக் கொண்டு போயினர். கடற்பாசிக் கஷாயத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தனர். 1958இன் பள்ளிச் சுகாதாரச் சட்டம் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. கூடவே வயலுக்கு இரசாயன உரம் வந்தது, கழிவுநீர்க் குழாய் வந்தது. பரிசோதனை தேவையற்றுப்போய் 2016இல் பள்ளிகளில் கைவிடப்பட்டது.

தென் கொரியா 1966இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. 1969 முதல் 1995 வரை பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இருமுறை மலப் பரிசோதனையும் மருந்தும் தந்தது. 1971இல் மக்களில் 84.3 சதவீதத்தினரிடம் புழு முட்டை இருந்தது, 1997இல் 2.4 சதவீதம். இந்த வீழ்ச்சி மாத்திரையால் மட்டும் வந்ததல்ல. அதே கால் நூற்றாண்டில் அந்த நாடு வறுமையிலிருந்து வெளியேறி, வீட்டுக்கு வீடு தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் பெற்றது.

ஜப்பானியப் பள்ளிகளில் வகுப்பறையையும் கழிப்பறையையும் பிள்ளைகளே முறை வைத்துத் துடைக்கிறார்கள். இதைப் பார்த்து இங்கேயும் அப்படிச் செய்யலாமே என்று சொல்கிறவர்கள் உண்டு. அங்கே எல்லாப் பிள்ளைகளும் துடைக்கிறார்கள். இங்கே கழிப்பறை சுத்தம் செய்யப் பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் அனுப்பியதாகத் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் புகார்கள் எழுந்திருக்கின்றன. இரண்டும் ஒன்றல்ல.

சட்டமும் எண்ணிக்கையும்

இந்தியாவில் பள்ளிக் கழிப்பறை நடுவண் திட்டங்களில் இடம்பெற்றது 1987இன் கரும்பலகைத் திட்டத்தில். தொடக்கப் பள்ளிக்குக் குறைந்தது இரண்டு அறையும், ஆண் பெண் இருபாலருக்கும் தனித்தனிக் கழிப்பறையும் வேண்டும் என்றது அது. 1999இன் முழுச் சுகாதார இயக்கம் பள்ளிகளையும் சேர்த்துக்கொண்டது. 2003இல் வேகம் பிடித்த கட்டுமானத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகள் கழிப்பறை பெற்றன. அதை ஆராய்ந்த அஞ்சலி அடுக்கியா, கழிப்பறை வந்த பள்ளிகளில் சேர்க்கை உயர்ந்ததை 2017இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். சிறு பிள்ளைகளுக்கு எந்தக் கழிப்பறையும் உதவியது. பருவமடையும் வயதுப் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை மட்டுமே உதவியது. பொதுவான ஒன்றால் அவர்கள் சேர்க்கை கூடவில்லை.

2009இன் கல்வி உரிமைச் சட்டம் தனித்தனிக் கழிப்பறையையும் பாதுகாப்பான குடிநீரையும் பள்ளியின் இலக்கணத்திலேயே சேர்த்தது. ஆனால் நடைமுறை பின்தங்கியதால், எல்லாப் பள்ளிகளிலும் ஆறு மாதத்துக்குள் இவற்றைச் செய்து தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012 அக்டோபர் 3 அன்று ஆணையிட்டது. 2014 சுதந்திர நாள் உரையில் பிரதமர் ஓராண்டு கெடு வைத்தார். கெடு முடிந்தபோது 2.61 லட்சம் பள்ளிகளில் 4.17 லட்சம் கழிப்பறைகள் கட்டி முடிந்ததாக அரசு அறிவித்தது.

இவற்றில் ஏறத்தாழ 1.4 லட்சம் கழிப்பறைகளைக் கட்டியவை பொதுத்துறை நிறுவனங்கள். இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் ஆய்வாளர்கள் பதினைந்து மாநிலங்களில் 2,695 கழிப்பறைகளை நேரில் போய்ப் பார்த்தனர். அறிக்கை 2020இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. கட்டியதாகக் கணக்கில் இருந்த 200 கழிப்பறைகள் அந்தப் பள்ளிகளில் இல்லவே இல்லை. இருந்தவற்றில் 72 சதவீதத்துக்கு உள்ளே குழாய்த் தண்ணீர் கிடையாது. கை கழுவும் வசதி இல்லாதவை 55 சதவீதம். தண்ணீரும் துப்புரவு ஆளும் இல்லாத கழிப்பறையைப் பூட்டி வைப்பது தலைமையாசிரியருக்கு எளிய வழி, நாற்றமாவது வராது. சாவி ஆசிரியர் அறையில் தொங்கும். ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் திறக்கும். பெண் பிள்ளைகள் காலையில் தண்ணீர் குடிக்காமலே பள்ளிக்கு வந்து, மாலை வரை அடக்கி வைத்துக்கொள்வது இந்தப் பூட்டின் மறுபக்கம். சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் அதனால் வருபவை.

கென்யாவின் நியான்சா பகுதியில் நடந்த ஓர் ஆய்வு இன்னும் சங்கடமான உண்மையைச் சொன்னது. புதிய கழிப்பறை கட்டித் தந்த பள்ளிகளில் பெண் பிள்ளைகளின் கைகளில் மலக்கிருமி குறையவில்லை, கூடியது. காட்டுக்குப் போகாமல் கழிப்பறைக்குப் போனார்கள். ஆனால் சோப்பும் போதிய தண்ணீரும் அங்கே இல்லை. கழிப்பறை மட்டும் கட்டினால் அது கையை அழுக்காக்கும் இடமாகிவிடும்.

மாத்திரை நாள்

இந்தக் கடினங்களைப் பார்த்தபின் மாத்திரை மீண்டும் கவர்ச்சியானதில் வியப்பில்லை. கென்யாவின் புசியா மாவட்டத்தில் 75 பள்ளிகளில் எட்வர்ட் மிகேல், மைக்கேல் கிரெமர் இருவரும் நடத்திய ஆய்வு 2004இல் வெளிவந்தது. குடற்புழு மாத்திரை தந்த பள்ளிகளில் வராத பிள்ளைகளின் எண்ணிக்கை கால் பங்கு குறைந்தது. மாத்திரை வாங்காத அண்டைப் பிள்ளைகளுக்கும் பயன் கிட்டியது. தேர்வு மதிப்பெண் மட்டும் உயரவில்லை. 2015இல் வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளை மறுபடி ஆராய்ந்து முடிவுகளைக் கேள்விக்கு உள்ளாக்கினர். அந்த வழக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

இந்தியாவில் 2015 பிப்ரவரி 10 அன்று முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடந்தது. ஒன்று முதல் பத்தொன்பது வயது வரை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை தரப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் இந்தியாவில் 14 வயதுக்குட்பட்ட 24 கோடிப் பிள்ளைகளுக்குப் புழு ஆபத்து உண்டு. அத்தனை பேருக்கும் இவ்வளவு மலிவாக வேறெதையும் செய்துவிட முடியாது. தைமாலும் பட்டினியும் பேதியும் பட்ட தலைமுறையோடு ஒப்பிட்டால், மென்று விழுங்கும் ஒரு மாத்திரை பெரிய வரம்தான்.

ஆனால் மண் மாறவில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான கட்டுரை ஒன்று, மாத்திரை தந்த ஓராண்டுக்குப் பின் என்ன ஆகிறது என்று பார்த்தது. உருண்டைப்புழு பழைய அளவில் 94 சதவீதத்துக்குத் திரும்பியிருந்தது. சாட்டைப்புழு 82 சதவீதத்துக்கு. கொக்கிப்புழு 57 சதவீதத்துக்கு. மாத்தளையிலும் தென் கரோலினாவிலும் பார்த்த அதே திரும்பல், இப்போது எண்ணில்.

கொக்கிப்புழுவில் இன்னொரு சிக்கல் உண்டு. உருண்டைப்புழுவைப் போல அது பிள்ளைகளிடம் உச்சத்தில் இருப்பதில்லை. வயது ஏற ஏறக் கூடுகிறது. பள்ளியில் மாத்திரை தின்ற பிள்ளையின் தாயும் தாத்தாவும் மருந்தின்றி இருக்கிறார்கள். பிள்ளை நடக்கும் மண்ணை அவர்களும் அசுத்தம் செய்கிறார்கள். எல்லா வயதினருக்கும் ஆண்டுக்கு இருமுறை மூன்று ஆண்டுகள் மாத்திரை தந்தால் புழுப் பரவல் அறுந்துவிடுமா என்று பார்க்க, 2017இல் பெனின், மலாவி, இந்தியா மூன்று நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. இந்தியாவில் அதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நடத்தியது. இடங்கள் இரண்டு: சமவெளியில் திமிரி, மலையில் சவ்வாது மலை. தொடக்கக் கணக்கெடுப்பில் இரண்டிலும் முதன்மையாகக் கிடைத்தது கொக்கிப்புழுவே. மழையும் நிழலும் உள்ள, கழிப்பறை குறைந்த மலையூர்களில் அது அதிகம் இருந்தது.